புதுப்பிப்பு: கோபைலட் இல்லாமல் சிகேஏடி தேர்வு எழுதி முடித்தேன்

அலுவலகத்தில் யாம்ல் கோப்புகளை (அமைப்பு விவரங்களை எழுதும் உரைக்கோப்புகள்) எல்லாம் கோபைலட் என்ற ஏஐ உதவியாளரை வைத்தே எழுதிப் பழகிவிட்டேன், குபர்நெட்டிஸ் (கன்டெய்னர் செயலிகளை இயக்கி நிர்வகிக்கும் மென்பொருள்) பற்றிய சிகேஏடி சான்றிதழ் தேர்வில் அது கிடைக்குமா, கிடைக்காவிட்டால் எப்படித் தயாராவது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. 78 மதிப்பெண்ணோடு தேறிவிட்டேன் (66 போதும்).

முதலில் விடை: எந்த ஏஐ உதவியும் கிடையாது. தேர்வுக்கான தனி உலாவி மற்ற செயலிகளை மூடச் சொல்கிறது. தேர்வுக்குத் தரும் தொலைக் கணினித் திரையில் டெர்மினலும் (கட்டளை தட்டும் சாளரம்) குபர்நெட்டிஸ் ஆவணம் போன்ற அனுமதிக்கப்பட்ட பக்கங்களும் மட்டும்தான். 2 மணி நேரம், எல்லாமே செய்முறைக் கேள்விகள்.

கைகொடுத்தது நீங்கள் சொன்ன "டிரை-ரன்" (எதையும் உண்மையில் உருவாக்காமல் ஒத்திகை பார்ப்பது) யோசனைதான். கியூப்சிடிஎல் (குபர்நெட்டிஸின் கட்டளைக் கருவி) கிரியேட் கட்டளையோடு டிரை-ரன்=கிளையண்ட், -ஓ யாம்ல் என்று சேர்த்தால் அடிப்படைக் கோப்பை அதுவே எழுதித் தருகிறது. இதுவும் நிரல் உருவாக்கும் கருவிதானே, முழுக்க அனுமதி உண்டு! மூன்று வாரம் கோபைலட்டை அணைத்துவிட்டு இதையே பழகினேன். முதல் நான்கு நாள் உண்மையிலேயே திணறினேன். அப்புறம் கை பழகிவிட்டது.

எதிர்பாராத சிக்கல் ஒன்று. நெட்வொர்க் பாலிசிக்கும் (எது எதோடு பேசலாம் என்ற வலையமைப்பு விதி) பெர்சிஸ்டன்ட் வால்யூமுக்கும் (நிலையான சேமிப்பிடம்) கிரியேட் கட்டளையே இல்லை. ஆவணத்தில் தேடி, நகலெடுத்து, திருத்த வேண்டியிருந்தது. அதிலேயே கால் மணி நேரம் போனது. அந்த இரண்டு பக்கங்களும் எங்கே இருக்கின்றன என்று முன்பே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். டெர்மினலில் ஒட்டுவதற்கு கன்ட்ரோல்+ஷிஃப்ட்+வி.