எங்கள் தோட்டக்கலைச் சங்க அனுபவம்: விதையோடு அதன் கதையையும் கேட்டு வாங்குங்கள்

நாற்றும் விதையும் கிடைக்கும் என்றுதான் பலரும் தோட்டக்கலைச் சங்கத்தில் சேருகிறார்கள். விடாமல் தொடர்ந்து வருகிறவர்களைக் கேட்டால், குறுக்குக் கேள்வி கேட்க அங்கே நாலு பேர் இருக்கிறார்கள், அதற்காகத்தான் என்பார்கள்.

ஒரு கூட்டத்தில் ஒருவர், மஞ்சளித்து உதிர்ந்த சுரைப் பிஞ்சுகளை ஒரு பை நிறையக் கொண்டுவந்து மேசையில் கொட்டினார். ஆளாளுக்கு ஒரு உரம் சொன்னோம். (செடிக்கு என்ன வந்தாலும் நமக்கு முதலில் உரம்தான் ஞாபகம் வருகிறது.) மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு அக்கா மட்டும், "பூவை எத்தனை மணிக்குத் தொடுறீங்க?" என்று கேட்டார். பிஞ்சு கொண்டுவந்தவர், மகரந்தம் சேர்ந்து காய் பிடிக்கட்டும் என்று தினமும் காலையில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவிக்கொண்டிருந்தாராம். பூசணிக்கு அது சரி. அதன் பூ விடியலில் விரிந்து நண்பகலுக்குள் மூடிக்கொள்ளும். சுரையின் வெள்ளைப் பூவோ பொழுது சாயும்போதுதான் விரியும். அந்துப்பூச்சிகள் இரவில் வந்து போகும். காலையில் நாம் போய்த் தொடும்போது பூ வாட ஆரம்பித்திருக்கும். பீர்க்கனும் மாலைக் கட்சிதான். "இருட்டுற நேரத்துல தொட்டுப் பாருங்க சார்" என்றார் அக்கா. அந்த சார் அடுத்த கூட்டத்துக்குக் காயோடு வந்தார்.

விதைப் பகிர்வு நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேசை நிறைய உறைகள், எல்லோருக்கும் கை பரபரக்கும். அப்படி ஒருமுறை, மேலே எதுவும் எழுதாத உறையிலிருந்து சுரை விதை வாங்கிப்போன ஒரு உறுப்பினருக்குக் கொடி பிரமாதமாக வளர்ந்தது. காயோ ஒரே கசப்பு. உப்புப் போட்டு வேக வைத்தால் கசப்பு போய்விடும் என்று யாரோ சொல்ல, மூத்த உறுப்பினர் ஒருவர் பதறிப்போய்த் தடுத்தார். அவர் தடுத்தது நல்லதாயிற்று. அந்தக் கசப்புக்குக் காரணம் குக்குர்பிட்டசின் என்ற நச்சுப் பொருள். வேக வைத்தாலும் அது போகாது. வாந்தி, வயிற்றுப்போக்கு என்று ஆரம்பித்து உயிருக்கே ஆபத்தாகலாம். சமைப்பதற்கு முன் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டுக் காயையே தூக்கிப் போடுங்கள்.

அந்தக் கசப்பு எப்படி வந்தது என்று அன்று நெடுநேரம் பேசினோம். விதைக்கு விட்ட கொடியின் பக்கத்து வேலியில் பேய்ச்சுரை (கசப்பான காட்டுச் சுரை) ஏறிக் கிடந்திருந்தால் போதும், பூச்சி வழியாக மகரந்தம் கலந்துவிடும். அந்த வருடக் காயில் எதுவும் தெரியாது. விதையை எடுத்து அடுத்த முறை போட்டால்தான் வேலையைக் காட்டும். தக்காளியும் பீன்ஸும் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பதால் அவற்றில் இவ்வளவு கவலை இல்லை. இப்போது எங்கள் உறைகளில் எடுத்த வருடமும் பக்கத்தில் என்ன கொடி இருந்தது என்பதும் இருக்க வேண்டும். வெறும் உறையை யாரும் தொடுவதில்லை.

பள்ளிகளுக்குப் போய்க் கன்று நடுவதும் உண்டு. நடுகிற அன்று நிற்க இடமிருக்காது. விடுமுறை விட்டதும் தண்ணீர் ஊற்ற ஆள் கிடையாது. அப்படி ஒரு வரிசையே காய்ந்துபோன பிறகு, கன்றின் பக்கத்தில் மெருகு பூசாத மண்பானையைப் புதைத்து நிரப்பி வைக்கத் தொடங்கினோம். நீர் மெல்லக் கசிவதால் தினமும் ஊற்றத் தேவையில்லை. ஆனாலும் பானையை நிரப்ப ஒரு ஆள் வேண்டுமே! அதனால் விடுமுறைக்கு யார் யார் வருவார்கள் என்ற பட்டியலை முதலில் வாங்கிக்கொள்கிறோம், அப்புறம்தான் குழி தோண்டுகிறோம். பட்டியலில் பெயர் இருந்தும் வராதவர்களை என்ன செய்வது என்பதற்கு எங்களுக்கு இன்னும் வழி தெரியவில்லை. உங்கள் பக்கம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?