ஜட்சன் ஏறிய கப்பல்: தேவ சித்தமா, வேறு வழியின்மையா?

புரசைவாக்கம் வாசகர் எழுதியது:

கடந்த ஞாயிறு ஆராதனையில் எங்கள் சபையைச் சேர்ந்த ஓர் இளம் தம்பதியர் சாட்சி சொன்னார்கள். கணவர் கணினி ஆசிரியர், மனைவி செவிலியர். இருவரும் கம்போடியாவுக்கு ஊழியம் செய்யப் போகிறார்கள். அவர்கள் போவதை நான் எதிர்க்கவில்லை. ஆனால், தேவன் தங்களை வழிநடத்திய விதத்தை விளக்க அவர்கள் எடுத்துக்காட்டிய வரலாற்றைக் கேட்டபோது எனக்குப் பொறுக்கவில்லை. முதலில் விண்ணப்பித்த நாட்டில் விசா மறுக்கப்பட்டதாம், கம்போடியாவின் கதவு திறந்ததாம். பர்மாவில் ஊழியம் செய்த அமெரிக்க மிஷனெரி அதோனிராம் ஜட்சனும் இப்படித்தான் எந்தத் திட்டமும் இல்லாமல் சென்னைத் துறைமுகத்தில் நின்றாராம், தேவன் ஒரே ஒரு கப்பலை அவர்முன் நிறுத்தினாராம், அது பர்மாவின் ரங்கூனுக்குப் போனதாம். சபையார் அனைவரும் அல்லேலூயா என்றார்கள்.

திட்டமே இல்லாதவரா ஜட்சன்? பர்மாவின் ஆவா அரசவைக்குத் தூது சென்ற ஓர் ஆங்கிலேய அதிகாரியின் நூலை 1809இலேயே படித்துப் பர்மாவை நினைத்தவர் அவர். அமெரிக்காவில் 1810இல் தொடங்கப்பட்ட மிஷனெரி வாரியம் அவரை முறைப்படி அனுப்பியது. 1812 பிப்ரவரி 5ஆம் நாள் ஆன் அம்மையாரை மணந்து, மறுநாள் குருப்பட்டம் பெற்று, அந்த மாதமே கப்பலேறினார். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அவர்களைத் தங்கவிடவில்லை. மொரீஷியஸ் சென்று, அங்கிருந்து 1813 ஜூன் மாதம் சென்னைக்கு வந்தார்கள். பினாங்குக்குப் போவதே அப்போதைய எண்ணம். அதற்குக் கப்பல் கிடைக்கவில்லை. இங்கேயே தங்கினால் கல்கத்தாவுக்குச் செய்தி எட்டும், பிடித்து இங்கிலாந்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற அச்சம் வேறு. உடனே புறப்படவிருந்தது ரங்கூன் செல்லும் ஜார்ஜியானா என்னும் கப்பல். ஜூன் 22ஆம் நாள் அதில் புறப்பட்டார்கள். துரத்தப்பட்டவர்கள் கிடைத்த கப்பலில் ஏறியதை, இளைஞர்கள் தேவ சித்தத்தை அறியும் முறையாகப் பிரசங்க மேடையிலிருந்து கற்பிக்கக் கூடாது.

அயனாவரம் இளைஞர் எழுதியது:

ஐயா, ஒரே கப்பல்தான் இருந்தது என்பதை நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். பிறகு எதை மறுக்கிறீர்கள்? கல்கத்தாவில் தடை, பினாங்குக்குத் தடை, ரங்கூனுக்கு மட்டும் வழி. அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரத்தில் பவுலுக்கு நடந்ததும் இதுவே. ஆசியாவில் வசனம் சொல்ல ஆவியானவர் தடை செய்தார், பித்தினியாவுக்குப் போகவிடவில்லை, கடைசியில் துரோவாவில் மக்கெதோனியாவுக்கு அழைப்பு வந்தது. வேதம் வழிநடத்துதல் என்று காட்டுவதை நீங்கள் வேறு வழியின்மை என்கிறீர்கள். ஓர் இளம் தம்பதி வேலையை விட்டு, வீட்டை விட்டுப் புறப்படும்போது அவர்களுடைய சாட்சியில் ஆண்டும் தேதியும் திருத்துவதுதான் மூத்த விசுவாசிகளின் ஊழியமா?

புரசைவாக்கம் வாசகர் எழுதியது:

தம்பி, நான் ஒப்புக்கொண்டது உடனே புறப்படக்கூடிய கப்பல் அது ஒன்றே என்பதை. தேவன் ஒரே கப்பலை நிறுத்தினார் என்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. காத்திருக்கத் துணிந்திருந்தால் வேறு கப்பல் வந்திருக்கும். காத்திருக்க முடியாதபடி செய்தது கம்பெனி அரசாங்கத்தின் மீதான அச்சம்.

நீங்கள் காட்டிய அதே அதிகாரத்தை முழுமையாக வாசியுங்கள். துரோவாவில் தரிசனத்தைக் கண்டவர் பவுல் ஒருவர். ஆனால் தேவன் அழைத்தார் என்று நிச்சயித்துக்கொண்டவர்கள் 'நாங்கள்' என்று பன்மையில்தான் எழுதப்பட்டிருக்கிறது. தரிசனம் கண்ட பிறகும் உடனிருந்தவர்கள் சேர்ந்து ஆராய்ந்தார்கள். 13ஆம் அதிகாரத்தில் பவுலும் பர்னபாவும் தாமாகவே புறப்பட்டுவிடவில்லை. அந்தியோகியா சபை உபவாசித்து, ஜெபித்து, அவர்கள்மேல் கைகளை வைத்து அனுப்பியது. எங்கள் சபையில் இந்தத் தம்பதியரின் அழைப்பை யார் ஆராய்ந்தார்கள்? பயணச்சீட்டு வாங்கிய பிறகு சபைக்கு அறிவிப்பு வருகிறது, கைதட்டுவது மட்டும் நம் வேலையாகிறது.

தாம்பரம் செவிலியர் எழுதியது:

கப்பலைப் பற்றி இவ்வளவு எழுதும் இருவரும் அந்தக் கப்பலில் இருந்த பெண்ணைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. ஆன் ஜட்சன் அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. உதவிக்காகச் சென்னையில் அமர்த்தியிருந்த ஐரோப்பியப் பெண் கப்பலுக்கு வந்தவுடனேயே இறந்துபோனார். மருத்துவரும் இல்லை, வேறு பெண்ணும் இல்லை. வங்காள விரிகுடாவின் நடுவில் முதல் குழந்தை உயிரின்றிப் பிறந்தது. அதை யாரும் சாட்சியில் சொல்வதில்லை. நான் பிரசவ வார்டில் வேலை செய்பவள்; எனக்கு அந்தக் கப்பல் வேறு விதமாகத் தெரிகிறது.

அயனாவரம் இளைஞர் எழுதியது:

அக்கா, ஆன் அம்மையாரை வலுக்கட்டாயமாக யாரும் ஏற்றவில்லை. 1810இல் ஜட்சன் அவருடைய தந்தைக்கு எழுதிய கடிதத்தில், மகளை இந்த உலகத்தில் இனி ஒருபோதும் காணாமல் பிரிந்திருக்கச் சம்மதிப்பீர்களா என்று வெளிப்படையாகக் கேட்டார். நோய், துன்பம், கொடிய மரணம்கூட நேரலாம் என்பதையும் மறைக்கவில்லை. தந்தை முடிவை மகளிடமே விட்டார். அவர் தாமாகவே சம்மதித்துப் புறப்பட்டார். அந்த விசுவாசத்தை நாம் இரக்கத்திற்குரிய ஒன்றாக மாற்றிவிடக் கூடாது.

புரசைவாக்கம் வாசகர் எழுதியது:

அந்தக் கடிதத்தை எடுத்துக்கொடுத்ததற்கு நன்றி. இப்போது சொல்லுங்கள், நம் தம்பதியரில் அந்தப் பெண்ணின் பெற்றோரிடம் இப்படி யாராவது கேட்டார்களா? அந்தத் தாய்க்கே ஆராதனையில்தான் முழு விவரமும் தெரிந்தது என்று கேள்விப்பட்டேன். வங்காளத்தில் ஊழியம் செய்த ஆங்கிலேய மிஷனெரி வில்லியம் கேரியின் மனைவி டாரதி 1793இல் முதலில் வர மறுத்தவர். பிறகு, தங்கை உடன் வருவதாக இருந்தால் வருகிறேன் என்று இணங்கினார். இந்தியாவில் ஐந்து வயது மகனைப் பறிகொடுத்து, மனநலம் குன்றி, 1807இல் இறந்தார். கேரியின் மொழிபெயர்ப்புகளைப் பற்றி நம் மேடைகளில் மணிக்கணக்கில் பேசுவோம். டாரதிக்காக யாரும் ஜெபக்கூட்டம் நடத்தியதில்லை.

வில்லிவாக்கம் உறவினர் எழுதியது:

நான் அந்தப் பெண்ணின் உறவினன். பெற்றோருக்கு முன்பே தெரியும், அவர்கள் வீட்டில் பல வாரங்கள் இதற்காக ஜெபம் நடந்தது. என் பெரியம்மா ஆராதனையில் அழுததைப் பார்த்துவிட்டு, அவருக்கு எதுவுமே தெரியாது என்று முடிவு கட்டினீர்களா? இந்தத் தம்பதியருக்கு மாதாந்திர ஆதரவு அளிக்கும் தீர்மானம் கமிட்டியில் வந்தபோது அதற்கு எதிராகக் கையுயர்த்தியவரும் நீங்கள்தான் என்பதை இங்கே வாசிப்பவர்கள் தெரிந்துகொள்ளட்டும். ஜட்சன் மேல் உங்களுக்கு அக்கறை வந்தது அதன் பிறகுதான்.

புரசைவாக்கம் வாசகர் எழுதியது:

கையுயர்த்தினேன், மறுபடியும் உயர்த்துவேன். எந்த விசாவில் போகிறார்கள், நோய் வந்தால் மருத்துவச் செலவை யார் ஏற்பார்கள், கம்போடியாவின் கெமர் மொழியை எங்கே கற்பார்கள், எத்தனை ஆண்டுக்கு ஆதரவு என்று நான்கு கேள்விகள் கேட்டேன். விசுவாசத்தில் போகிறார்கள் என்ற ஒரே பதில் வந்தது. சுற்றுலா விசாவில் நுழைந்து ஊழியம் செய்வது அந்த நாட்டு அரசாங்கத்திடம் சொல்லும் பொய். சத்தியத்தைச் சொல்லப் போகிறவர்கள் பொய்யில் தொடங்கக் கூடாது. பவுலுடன் கொரிந்துவில் தங்கிய ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் தம்பதியர்தான். கூடாரம் செய்யும் தொழிலை ஒளிவுமறைவின்றிச் செய்தார்கள். இந்தக் கணவரும் ஆசிரியராகவே பணி அனுமதி பெற்றுப் போகலாமே.

பெரியம்மாவின் அழுகையைப் பற்றி இனி எழுத மாட்டேன். ஆனால் கப்பலைப் பற்றி எழுதுவதை நிறுத்த மாட்டேன்.

நெல்லைச் சீமையான் எழுதியது:

அமெரிக்கரின் கப்பலை வைத்து ஏன் அடித்துக்கொள்கிறீர்கள்? 1903இல் பாளையங்கோட்டையில் எங்கள் மக்கள் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். வெளிநாட்டுப் பணம் இல்லை, வெளிநாட்டு ஆட்கள் இல்லை. எங்கள் வெள்ளாளன்விளையில் பிறந்த வி. எஸ். அசரியா தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கல் சென்று ஊழியம் செய்து, 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். பக்கத்தில் தெலுங்கு நாட்டுக்குப் போக ஆளில்லாதபோது சென்னைக்காரர்களுக்குக் கம்போடியா தேவைப்படுகிறது. விமானத்தில் போனால்தான் மிஷனெரி என்று நினைக்கும் வழக்கம் எங்கள் ஊரில் இல்லை.

வேப்பேரி ஆசிரியை எழுதியது:

சகோதரரே, அசரியா 1902இல் யாழ்ப்பாணம் சென்று, அங்கிருந்த தமிழ்ச் சபையார் சொந்தமாக மிஷனெரிகளை அனுப்புவதைக் கண்ட பிறகே நெல்லைக்கு அந்த எண்ணம் வந்தது. கடல் கடந்து கற்ற பாடம் அது. அவர் உயர்கல்வி பயின்றது எங்கள் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில். ஆகவே பெருமையைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. இந்த உரையாடல் முழுவதும் சென்னைத் துறைமுகம் என்று எழுதுகிறீர்கள். 1813இல் இங்கே துறைமுகமே கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து எட்டவே நங்கூரமிட்டு நிற்கும்; மசூலாப் படகில் ஏறி, அலையை உடைத்துக்கொண்டுதான் கப்பலை அடைய முடியும். துறைமுகக் கட்டுமானம் 1870களில்தான் தொடங்கியது. எனவே துறைமுகத்தில் ஒரே கப்பல் நின்றது என்ற காட்சியே பிரசங்கத்தில் உருவானது.

அயனாவரம் இளைஞர் எழுதியது:

துறைமுகம் இல்லாவிட்டால் கப்பல் இல்லையா, அம்மா? கடலில் நின்றாலும் கரையில் நின்றாலும் அது ரங்கூனுக்குப் போன கப்பல். பலனைப் பாருங்கள். ரங்கூனில் 1819 ஜூன் மாதம், ஆறாண்டு காத்திருப்புக்குப் பிறகு, முதல் பர்மியர் ஞானஸ்நானம் பெற்றார். 1824இல் ஆங்கிலேயருக்கும் பர்மாவுக்கும் போர் மூண்டபோது ஜட்சன் ஆவாவில் சிறைப்பட்டார். ஆன் அம்மையார் கைக்குழந்தையோடு சிறை வாசலுக்கு உணவு சுமந்தார். வேதாகம மொழிபெயர்ப்பின் கையெழுத்துப் பிரதி தலையணைக்குள் மறைத்துக் காக்கப்பட்டது. 1834இல் பர்மிய வேதாகமம் முழுமை பெற்றது. இத்தனைக்கும் தொடக்கம் சென்னையில் ஏறிய அந்தக் கப்பல். அதைத் தேவன் நிறுத்தவில்லை என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வருகிறது?

புரசைவாக்கம் வாசகர் எழுதியது:

பலன் பின்னால் வந்தது என்பதால் முடிவெடுத்த முறை சரியாகிவிடாது. பலன் வராமல் இறந்தவர்கள் எத்தனை பேர் என்று நம் மேடைகளில் யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் அவர்களுக்கு வாழ்க்கை வரலாறு எழுதப்படவில்லை. அந்தப் பலனின் விலையையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆன் அம்மையார் 1826இல் பர்மாவின் ஆம்ஹர்ஸ்ட்டில் இறந்தார், கணவர் அருகில்கூட இல்லை. அடுத்த ஆண்டு மகள் மரியாவும் இறந்தாள். அவர்கள் வீண் போகவில்லை என்று நானும் நம்புகிறேன். அதற்காகவே சொல்கிறேன்: அவர்கள் கப்பலை நம்பிப் போனவர்கள் இல்லை. மொழி கற்கவும் பல்லாண்டு காத்திருக்கவும் ஆயத்தமாகப் போனவர்கள். கேரியின் மகன் பீலிக்ஸ் ஏற்கெனவே ரங்கூனில் ஊழியத் தளம் அமைத்திருந்தார். ஜட்சன் தம்பதியர் போய்த் தங்கியது அந்த வீட்டில். யாருமற்ற கரையில் ஒரு கப்பல் அவர்களைக் கொண்டுபோய் இறக்கிவிடவில்லை.

கம்போடியாவில் 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் என்னும் கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் சபை ஏறக்குறைய அழிக்கப்பட்டது. உயிர்பிழைத்தவர்களும் அகதி முகாம்களிலிருந்து திரும்பியவர்களும் அதை மறுபடியும் கட்டினார்கள். இன்று அந்த நாட்டுப் போதகர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது இந்தத் தம்பதியரை வாருங்கள் என்று அழைத்திருக்கிறாரா? துரோவாவில் பவுலை அழைத்தவன் மக்கெதோனியன். நம் தம்பதியரை அழைத்தது விசா அலுவலகம்.

வில்லிவாக்கம் உறவினர் எழுதியது:

விசா அலுவலகம் என்று எழுதியதை நீங்கள் திரும்பப் பெற வேண்டும். அந்த நாட்டுச் சபை ஒன்றோடு அவர்கள் கடிதப் போக்குவரத்து வைத்திருக்கிறார்கள். கமிட்டியில் நீங்கள் கேட்டிருந்தால் காட்டியிருப்பார்கள்.

புரசைவாக்கம் வாசகர் எழுதியது:

கேட்டேன். காட்டவில்லை. சாட்சியிலும் அந்தச் சபையின் பெயர் வரவில்லை, கப்பல்தான் வந்தது.

நெல்லைச் சீமையான் எழுதியது:

யாழ்ப்பாணத்தைப் பார்த்தவர்கள் பலர். சங்கம் தொடங்கியவர்கள் நாங்கள். வேப்பேரி அம்மையாருக்கு இது புரிய வேண்டும்.

தாம்பரம் செவிலியர் எழுதியது:

அந்தப் பெண் செவிலியர் என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறது. அவருக்கு அழைப்பு உண்டா, கணவரின் அழைப்புக்குப் பின்னால் போகிறாரா என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. இருவர் போகும் பயணத்தில் இருவருடைய நிச்சயமும் வேண்டும். நான் மறுபடியும் கேட்கிறேன், அவர் தம் வாயால் என்ன சொன்னார்?

அயனாவரம் இளைஞர் எழுதியது:

அவரும் சாட்சி சொன்னார், அக்கா. சங்கீதம் 32இல் நடக்கவேண்டிய வழியைக் காட்டுவேன் என்று தேவன் கொடுத்த வாக்குத்தத்தத்தைத்தான் சொன்னார். புரசைவாக்கம் ஐயா அதைக் குறிப்பிடவில்லை, ஏனென்றால் அதில் திருத்துவதற்குக் கப்பல் இல்லை. ஐயா, ஒரு கேள்விக்கு மட்டும் நேராகப் பதில் சொல்லுங்கள். அன்று அந்தக் கப்பலைத் தேவன் அனுப்பவில்லை என்றால் வேறு யார் அனுப்பியது?

புரசைவாக்கம் வாசகர் எழுதியது:

வியாபாரத்திற்காக அதன் உரிமையாளர் அனுப்பினார். தேவன் அதைப் பயன்படுத்தினார் என்று சொன்னால் நானும் ஆமென் சொல்வேன். ஆனால் சாட்சியில் சொல்லப்பட்டது அதுவன்று. திட்டமில்லாமல் நின்றவர்முன் ஒரே கப்பல் நிறுத்தப்பட்டது என்பதே சொல்லப்பட்டது. அனுப்புதல் ஆராதனையில் அதையே மறுபடியும் சொன்னால் நான் எழுந்து நின்று மறுப்பேன் என்று ஆயருக்கு ஏற்கெனவே எழுதிவிட்டேன்.

அயனாவரம் இளைஞர் எழுதியது:

எழுந்து நில்லுங்கள், ஐயா. நாங்களும் இருப்போம். பினாங்குக்கு ஏன் கப்பல் இல்லாமல் போனது என்பதற்கு மட்டும் பதிலை எழுதிக்கொண்டு வாருங்கள்.