புதுப்பிப்பு: கேமராவா, கையா?

"படம் சரியாக வராததற்குக் கேமராவைக் குறை சொல்லாதீர்கள்" என்று போன வாரம் வீறாப்பாக எழுதியிருந்தேன். அதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன்.

எஃப்/1.8 லென்ஸ் ஒன்றை (எஃப் எண் சிறியதாக இருந்தால் லென்ஸின் துளை பெரிது, வெளிச்சம் அதிகம்) இரவல் வாங்கி, மங்கலான அறையில் ஓடியாடும் குழந்தையை எடுத்துப் பார்த்தேன். கேமராவோடு வந்த என் கிட் லென்ஸ் ஜூம் செய்தால் எஃப்/5.6 தான், ஷட்டர் 1/15 நொடி திறந்திருந்ததில் முகம் கலங்கிப்போனது. இரவல் லென்ஸில் ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சம் நுழைவதால், அதே ஐஎஸ்ஓவில் (கேமராவின் ஒளி உணர்திறன் அளவு) 1/125 நொடி ஷட்டர் வேகம் கிடைத்தது. இமைமுடிகூடத் தெளிவு. எந்தத் திறமையாலும் அந்த வேகத்தை வரவழைத்திருக்க முடியாது.

சரி, மீதிப் பாதி? எடுத்த 40 படங்களில் தேறியவை மூன்று. மற்றவற்றில் குழந்தையின் தலையிலிருந்து திரைச்சீலைக் கம்பி கொம்பு மாதிரி முளைத்து நிற்கிறது (மங்கலாகத்தான், ஆனாலும் கொம்புதான்). ஜன்னல் பக்கம் இரண்டடி நகர்ந்த பிறகு எடுத்தவை அந்த மூன்றும்.

லென்ஸை நாளை திருப்பிக் கொடுத்தாக வேண்டும். மனசே வரவில்லை.