தகரத்தில் மழை கொட்டும்போது லேப்டாப்பில் பாடம் விளங்கவில்லை, ஸ்பீக்கரை மாற்றத்தான் வேண்டுமா?

கொட்டகலை மாணவி:
எல்லோருக்கும் வணக்கம். உயர்தரத்துக்குப் பௌதிகவியல் வகுப்பை ஸூமில்தான் பார்க்கிறேன். எங்கள் தோட்டத்து லய வீட்டுக்குத் தகரக் கூரை, தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் சேர் சொல்வதில் பாதி காதில் விழாது. சத்தத்தை முழுதாக ஏற்றினால் இடது பக்கம் கரகரவென்று இரைகிறது. ஸூம் ஓடும்போது யூடியூப் வீடியோ ஒன்றைப் போட்டால் அந்த வீடியோவின் சத்தம் மட்டும் தானாகவே அமுங்கிவிடுகிறது. பக்கத்து வீட்டுத் தோழியும் நானும் சேர்ந்து படிப்பதால் ஹெட்போன் சரிவராது. டவுனில் ஒரு கடையில் காட்டினேன், மதர்போர்டையே மாற்றவேண்டும் என்கிறார்கள், அவ்வளவு பணத்துக்கு வழியில்லை. விண்டோஸ் 10 தான் போட்டிருக்கிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

தலவாக்கலை ரிப்பேர்காரர்:
தங்கச்சி, இப்போதைக்குப் போர்டில் கை வைக்க விடாதீங்க. முதலில் ஹெட்போனைச் செருகி அதே பாடத்தை அதே சத்தத்தில் கேளுங்கள். அதில் சுத்தமாகக் கேட்டால் போர்டும், சத்தத்தை இயக்கும் மென்பொருளான டிரைவரும் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும், கோளாறு ஸ்பீக்கர் பக்கம். ஹெட்போனிலும் கரகரத்தால் மென்பொருள் பக்கம் தேடவேண்டும்.

அப்புறம் சவுண்ட் கண்ட்ரோல் பேனலில் பிளேபேக், ஸ்பீக்கர்ஸ், புரொபர்டீஸ், லெவல்ஸ், அதில் பேலன்ஸ் என்று ஒரு பொத்தான் இருக்கும். இடதைப் பூச்சியமாக்கிக் கேளுங்கள், பிறகு வலதை. எந்தப் பக்கம் இரைகிறது என்பது சந்தேகமில்லாமல் தெரிந்துவிடும். இரைகிற பக்கத்து வெளிமூடியை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது இரைச்சல் நின்றால் திருகாணியோ மூடியோ தளர்ந்திருக்கிறது, நிற்காவிட்டால் ஸ்பீக்கரின் கூம்பு கிழிந்திருக்கலாம். கிழிந்திருந்தாலும் பயப்படாதீங்க, பல மாடல்களில் இரண்டு ஸ்பீக்கரும் சேர்ந்த ஒரு சோடி சின்ன பிளக்கில்தான் மாட்டியிருக்கும், ஈயம் வைக்கும் வேலையே இல்லை. லேப்டாப்பின் அடியில் உள்ள மாடல் இலக்கத்தைக் காட்டி வாங்கலாம்.

ஒன்றை மட்டும் கட்டாயம் பாருங்கள். டச்பேட் மேலெழும்பியோ அடிமூடி பிதுங்கியோ இருந்தால் பேட்டரி ஊதியிருக்கிறது என்று அர்த்தம். அப்படியென்றால் மூடியை அழுத்தவும் வேண்டாம், சார்ஜ் போடவும் வேண்டாம், உடனே நிறுத்திவிட்டு ஆளிடம் காட்டுங்கள்.

பண்டாரவளை அண்ணன்:
யூடியூப் சத்தம் அமுங்குவது கோளாறே இல்லை, தங்கச்சி. அழைப்பு நடக்கிறது என்று தெரிந்தால் விண்டோஸ் மற்றச் சத்தங்களை 80 வீதம் குறைத்துவிடும், அதுதான் அதன் வழக்கமான அமைப்பு. அதே சவுண்ட் பெட்டியில் கம்யூனிகேஷன்ஸ் என்ற பகுதிக்குப் போய் 'டூ நத்திங்' என்பதைத் தெரிவு செய்தால் சரி.

மழைக்கு நான் சொல்வது, சத்தத்தை ஏற்றுவதைவிடப் பேச்சைத் தெளிவாக்குங்கள். ஸ்பீக்கர்ஸ் புரொபர்டீஸில் என்ஹான்ஸ்மென்ட்ஸ் பகுதியில் 'லவுட்னெஸ் ஈக்வலைசேஷன்' இருந்தால் அதைப் போடுங்கள், சேர் குரலைத் தாழ்த்திப் பேசும் இடமும் மேலே வந்துவிடும். அந்தப் பகுதியே இல்லையென்றால் டிவைஸ் மேனேஜரில் டிரைவரை 'ஹை டெபினிஷன் ஓடியோ டிவைஸ்' என்ற பொது டிரைவருக்கு மாற்றிப் பாருங்கள், பல கணினிகளில் அதன்பிறகு வரும். இன்னும் போதாவிட்டால் ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் 200 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடித்தொனியைக் குறைத்து, பேச்சைத் தெளிவாக்கும் 2000 முதல் 4000 ஹேர்ட்ஸ் வரையான பகுதியைக் கொஞ்சம் ஏற்றுங்கள். இந்தக் குட்டி ஸ்பீக்கர் அடித்தொனியைத் தூக்கப் பாடுபட்டுத்தான் இரைகிறது, அதைக் குறைத்தால் அதற்கும் சுமை குறையும், சொற்களும் பிரிந்து கேட்கும். சத்தத்தை 600 வீதம் ஏற்றுகிறேன் என்று சொல்லும் பிரவுசர் நீட்சிகளைத் தயவுசெய்து போடாதீங்க, ஸ்பீக்கர் போய்விடும்.

லேப்டாப்பைப் படுக்கையிலோ கம்பளியிலோ வைக்கவும் வேண்டாம். பல மாடல்களில் ஸ்பீக்கர் வாய் அடிப்பக்கம்தான், பலகை மேசையில் வைத்தாலே வித்தியாசம் தெரியும்.

கொட்டகலை மாணவி:
இருவருக்கும் மிக்க நன்றி அண்ணா. கம்யூனிகேஷன்ஸை மாற்றியதும் யூடியூப் சரியாகிவிட்டது. லவுட்னெஸ் எனக்கும் இருந்தது, போட்டேன், நேற்று மழையிலும் பாடம் விளங்கியது, தோழிக்கும் சந்தோஷம். ஹெட்போனில் இரைச்சலே இல்லை. இடது பக்க மூடியை அழுத்தினால் கரகரப்பு நிற்கிறது, பேட்டரியும் ஊதவில்லை. மாமாவிடம் சின்ன ஸ்குரூ டிரைவர் இருக்கிறது, நாங்களே இறுக்கலாமா?

தலவாக்கலை ரிப்பேர்காரர்:
தாராளமாக. லேப்டாப்பை முழுதாக அணைத்து, சார்ஜரைக் கழற்றிவிட்டு முதலில் வெளியே தெரிகிற திருகாணிகளை மட்டும் இறுக்கிப் பாருங்கள், பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். திறக்கவேண்டி வந்தால் உள்ளே போனதும் பேட்டரி பிளக்கைத்தான் முதலில் கழற்றவேண்டும். கழற்றும் திருகாணிகளை எந்த ஓட்டையிலிருந்து எடுத்தீர்களோ அதே ஒழுங்கில் ஒரு தாளில் ஒட்டி வையுங்கள், நீளமானதைக் குட்டை இடத்தில் முறுக்கினால் அது போர்டையே குத்திவிடும். மூடும்முன் ஸ்பீக்கரைச் சுற்றியுள்ள ரப்பர் துண்டுகள் தத்தம் இடத்தில் இருக்கின்றனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், அதில் ஒன்று நழுவினாலும் இதே இரைச்சல்தான் வரும்.