கப்லிங்: ‘பிணைப்பு’க்குப் பதில் ‘தளை’

அனைவருக்கும் வணக்கம்.

மென்பொருளின் கூறுகள் ஒன்றோடொன்று எவ்வளவு இறுக்கமாகக் கட்டுண்டிருக்கின்றன என்பது கப்லிங். ஒரு கூறுக்குள் இருப்பவை ஒரே வேலைக்காக எவ்வளவு சேர்ந்து நிற்கின்றன என்பது கொஹீஷன். இரண்டுக்கும் தமிழ்ச்சொல் கேட்டுப் போன வாரம் எழுதியிருந்தேன். பலரும் முதலாவதற்குப் ‘பிணைப்பு’ என்றீர்கள். மென்பொருள் பொறியியல் வகுப்பில் அதையே பயன்படுத்திப் பார்த்தேன். சரிப்படவில்லை.

விடைத்தாளில் ஒரு மாணவி இப்படி எழுதியிருந்தார்: “கூறுகளுக்கு இடையே பிணைப்பு வலுவாக இருந்தால்தான் நிரல் உடையாது.” மனப்பாடம் செய்யாமல் யோசித்து எழுதிய விடை அது. பிணைப்பு வலுத்தால் மூலக்கூறு நிலைக்கும் என்று வேதியியலில் படித்தவர், சொல்லை நம்பி எழுதிவிட்டார். பாடம் சொல்வதோ நேர்மாறு: கப்லிங் தளர்வாக இருப்பதே நல்லது. அவருக்கு மதிப்பெண் குறைக்க எனக்கு மனம் வரவில்லை. பிழை நாம் கொடுத்த சொல்லில் இருக்கிறது.

> ‘சார்பு’ என்று எளிமையாக வைத்துவிடலாமே?

கணிதத்தில் ஃபங்ஷனைச் சார்பு என்றே பள்ளியிலிருந்து படித்து வருகிறார்கள். அதோடு, டிபென்டன்சிக்கு அந்தச் சொல் நமக்கு வேண்டும். எது எதைச் சார்ந்திருக்கிறது என்பது ஒரு கேள்வி. எந்த வழியாக, எவ்வளவு இறுக்கமாக என்பது இன்னொன்று. கப்லிங் இரண்டாவதைப் பற்றியது.

என் பரிந்துரை ‘தளை’. யாப்பில் நின்ற சீரின் ஈற்றசையும் வரும் சீரின் முதலசையும் கூடும் விதத்தைத் தளை என்கிறோம். சீருக்குள் என்ன இருக்கிறது என்பதைவிட, இரண்டு சீர்கள் தொடும் இடத்தில் என்ன நடக்கிறது என்பதே அங்கே கணக்கு. நமக்கு வேண்டியதும் அதுதான். யாப்பில் தளை ஏழு வகை. ஸ்டீவன்ஸ், மையர்ஸ், கான்ஸ்டன்டைன் மூவரும் 1974இல் ஐபிஎம் சிஸ்டம்ஸ் ஜர்னலில் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த கப்லிங்குக்கும் பாடநூல்களில் வகைகள் உண்டு. ‘தளை’ என்றால் ‘என்ன தளை?’ என்ற கேள்வி தானே வந்துவிடுகிறது.

வகுப்பில் நான் காட்டும் நிரல் ஒன்று. பட்டியலை அச்சிடும் செயற்கூறுக்குப் பட்டியலோடு ஓர் எண்ணையும் அனுப்புகிறோம்: 1 என்றால் பெயர் வரிசை, 2 என்றால் மதிப்பெண் வரிசை. அழைப்பவருக்கு அந்தச் செயற்கூறின் உள்விவகாரம் தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது. நாளை உள்ளே அந்த எண்கள் மாறினால், அழைத்த இடமெல்லாம் தேடிப்போய்த் திருத்த வேண்டும். இது கட்டுப்பாட்டுத் தளை. முன்பே வரிசைப்படுத்திய பட்டியலை மட்டும் அனுப்பினால் தரவுத் தளை. இரண்டு செயற்கூறுகளும் ஒரே பொது மாறியில் கைவைத்தால் பொதுத் தளை. ஒன்று மற்றொன்றின் உள்ளே புகுந்தே மாற்றினால் உள்ளடக்கத் தளை. எல்லாவற்றிலும் மோசமானது இதுதான்.

> வெண்பாவில் தளை தட்டினால் குற்றம். இங்கே தளை குறைய வேண்டும் என்கிறீர்கள். முரண் இல்லையா, ஐயா?

நல்ல கேள்வி, இரண்டு நாள் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். தளையே இல்லாத மென்பொருள் கிடையாது. கூறுகள் ஒன்றோடொன்று பேசாவிட்டால் அது ஒரு மென்பொருளே ஆகாது. எந்தத் தளை என்பதுதான் கேள்வி. வெண்பாவும் வெண்டளையைத் தவிர வேறு தளையை ஏற்பதில்லை. நல்ல வடிவமைப்பும் முடிந்தவரை தரவுத் தளையோடு நிற்கப் பார்க்கிறது. மற்றபடி, விலங்கு, கட்டு என்ற பழைய பொருளும் சொல்லுக்குள் இருப்பதால், ‘தளை இறுகிவிட்டது’ என்றால் அது குறை என்று யாரும் விளக்காமலே புரிகிறது. பிணைப்புக்கு இந்த வசதி இல்லை.

கொஹீஷனுக்கு நீண்ட விவாதம் தேவையில்லை என்று நினைக்கிறேன். இயற்பியல் பாடத்தில் வரும் ‘ஓரினக் கவர்ச்சி’ இங்கே ஒட்டாது. ‘கட்டுக்கோப்பு’ போதும். கட்டுக்கோப்பான கூறு என்றால் ஒரே வேலைக்காகச் சேர்ந்து நிற்கும் கூறு என்று மாணவர்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள். கட்டமைப்போடு குழம்பும் என்று ஓர் அம்மையார் எழுதியிருந்தார். என் வகுப்பில் இதுவரை அப்படி நேரவில்லை.

கூறுகளுக்கு இடையிலான கப்லிங்கைத் தளர்த்துவது டீகப்லிங். அதற்குத் ‘தளையவிழ்த்தல்’ என்று எழுதிப் பார்த்தேன். சங்கப் பாடல்களில் மொட்டு விரிவதைத் ‘தளை அவிழ்’ என்பார்கள். அந்த வாசனையும் சொல்லோடு வருவதில் எனக்கு மகிழ்ச்சி.

ஸ்டாம்ப் கப்லிங்தான் மீதி. ஓர் எண் மட்டும் தேவைப்படும் இடத்தில் மாணவரின் முழுப் பதிவையும் தூக்கி அனுப்புவது. ‘முத்திரைத் தளை’ என்றால் எதுவும் விளங்கவில்லை. ‘பொதித்தளை’ என்று வைத்திருக்கிறேன். இதைவிடப் பொருத்தமாக ஒன்று தோன்றினால் எழுதுங்கள். அடுத்த வாரம் அந்தப் பாடம் நடத்த வேண்டும்.