பார்க்கிறவர் கதையைத் திருப்புற தமிழ் நாடகம்: கொழும்பில செய்யேலுமா?

திரைச்சரம்:
25 நிமிச நாடகம், ஆறு இடத்தில ரிமோட்டால தெரிவு. இதுக்கு நெட்ஃபிளிக்ஸ் அளவுக்குக் காசு தேவையில்லை எண்டுதான் என்ர கட்சி. ஆறையும் தனித்தனியாப் பிரிய விட்டால் கடைசியில 64 முடிவு வரும். அப்படி ஆரும் எடுக்கிறதில்லை. கிளை ஒன்றரை நிமிசம் ஓடித் திரும்பத் தண்டில, அதாவது எல்லாருக்கும் பொதுவான கதையில, சேரவேணும். பார்க்கிறவர் என்னத்தைத் தெரிஞ்சவர் எண்டதை ஒரு மாறியில (நிரல் நினைவில வைக்கிற பெறுமதியில) குறிச்சு வைச்சு, பின்னுக்கு ஒரு வசனத்தை மாத்தினால் சரி. தண்டு 16 நிமிசம், தெரிவுக்கு ரெண்டா 12 கிளையும் 18. மொத்தம் 34 நிமிசம்தான் படமாக்கவேணும். 1967ல மொன்றியல் கண்காட்சியில செக்கோஸ்லோவாக்கியர் காட்டின கினோஅவுட்டோமாட் எண்ட, பார்க்கிறவர் வாக்குப் போட்ட படமும் இதே வேலைதான். ஆட்கள் சிவப்பு, பச்சைப் பட்டனை அமத்தினாலும் ரெண்டு பாதையும் ஒரே இடத்துக்குத்தான் வந்தது.

வெள்ளவத்தை வயர்:
எழுத்துக் கணக்கு சரி, டீவிக் கணக்கு பிழை. அன்ரனாவில வாறது ஒருவழிப் பாதை. 2014ல இலங்கை ஜப்பானின்ர டிஜிட்டல் முறையைத் தெரிவு செய்தும், வீடுகளுக்கு அனலொக்தான் வருது. அப்ப ஸ்மார்ட் டீவி ஆப்தான் மிச்சம். அதில பெரும்பாலும் ஒரு வீடியோ டிகோடர்தான் (சுருக்கின வீடியோவை விரிச்சுப் படமாக்கிற பகுதி) உங்கட கைக்கு வரும். ரெண்டு கிளையையும் ரெண்டு பிளேயரில ஆயத்தமா வைச்சால் போனில ஓடும், டீவியில திரை கறுத்துப்போகும்.

திரைச்சரம்:
ரெண்டு பிளேயர் எண்டு ஆர் சொன்னது? பிளேயர் ஒண்டுதான். ரெண்டு கிளையிலயும் முதல் 4 செக்கன் துண்டை மட்டும் இறக்கி, டிகோடருக்குக் குடுக்காமல் நினைவகத்தில வைக்கிறது. செக்கனுக்கு 3 மெகாபிட் வீடியோ எண்டால் ரெண்டும் சேர்த்து 24 மெகாபிட். 10 மெகாபிட் லைனில ஓடுற படம் 3ஐ எடுத்தாலும் மிச்சம் 7இல மூண்டரைச் செக்கனில வந்திடும். 2018ல வந்த நெட்ஃபிளிக்ஸின்ர தெரிவுப் படம் பேண்டர்ஸ்நாட்ச், தெரிவுக்கு 10 செக்கன் குடுத்தது. அந்த இடைவெளி ரசிகருக்கு மட்டுமில்லை, ரூட்டருக்கும் உதவும். ஆள் ரெண்டாம் செக்கனில அமத்தினாலும் காட்சி பத்தாவது வரை ஓடட்டும்.

ஒலிமேசை:
4 செக்கன் எண்டு வெட்டாதேங்கோ. 25 ஃபிரேம் வேகத்தில ஒரு படம் 40 மில்லிசெக்கன். 48 கிலோஹேர்ட்ஸ் ஏஏசி (ஒலியைச் சுருக்கிற முறை) ஒலியில ஒரு ஃபிரேம் 1024 சாம்பிள், அதாவது 21.33 மில்லிசெக்கன். இந்த ரெண்டும் 320 மில்லிசெக்கனுக்கு ஒருக்காத்தான் சந்திக்கும்: 8 படம், 15 ஒலி ஃபிரேம். 4 செக்கன் 100 படம், எட்டால பிரியாது. 3.84 செக்கன் எடுங்கோ: 96 படம், 180 ஒலி ஃபிரேம். கிளைகளின்ர மொத்த நீளமும் எட்டுப் படக் கணக்கில முடியவேணும். இல்லாட்டி ரெண்டு துண்டு சேருற ஒட்டில 'டிக்' எண்டு கேட்கும், நாலைஞ்சு ஒட்டுக்குப் பிறகு வாயசைவும் விலகலாம். துண்டின்ர முதல் படம் கீஃபிரேமா (முந்தின படம் இல்லாமலே விரியிற முழுப் படமா) இருக்கவேணும் எண்டதை நான் சொல்லத் தேவையில்லை. பின்னணி இசையைத் தெரிவுக்கு முன்னமே முடிச்சு, ஒட்டுக்கு மேலால ஃபேன் சத்தத்தை மட்டும் விடுங்கோ.

வெள்ளவத்தை வயர்:
எல்லாம் சரி, நெட்ஃபிளிக்ஸ் ஏன் கைவிட்டது? 2024 டிசம்பரில இந்த வகைப் படைப்புகளில பெரும்பாலானதைத் தூக்கினவங்கள், 2025 மேயில பேண்டர்ஸ்நாட்சும் போயிட்டுது. டீவி மொடலுக்கு மொடல் ஆப்பைச் சோதிச்சுக்கொண்டே இருக்கவேணும். உங்கட 64 பாதையையும் ஆர் இருந்து பார்க்கிறது?

திரைச்சரம்:
பாதையைப் பார்க்கத் தேவையில்லை, ஒட்டைப் பார்த்தால் காணும். ஒரு தெரிவுக்குத் தண்டிலயிருந்து வெளிய ரெண்டு, திரும்ப உள்ள ரெண்டு. ஆறுக்கும் 24 ஒட்டு. மாறியால வசனம் மாறுற இடங்கள் தனி. அரை நாள் வேலை.

வெள்ளவத்தை வயர்:
ஒரு டீவிக்கு அரை நாள். அதோட, ஆள் நாலாவது தெரிவிலயிருந்து ரெண்டாவதுக்கு ரீவைண்ட் பண்ணினால் உங்கட மாறி என்ன சொல்லும்? பழைய தெரிவு அப்பிடியே கிடக்கும், கடைசியில செத்த மாமா வந்து தேத்தண்ணி கேட்பார்.

ஒலிமேசை:
அதுக்கு மருந்து இருக்கு. ஒவ்வொரு தெரிவுக்கும் முன்னால எல்லா மாறியையும் ஒரு பிரதி எடுத்து வையுங்கோ. ரீவைண்ட் அந்த இடத்தைத் தாண்டினால் பிரதியைத் திருப்பி ஏத்தி, முன்னுக்கு இறக்கி வைச்ச துண்டுகளை எறியவேணும். துண்டுகளை எறிய மறந்தால் புதுத் தெரிவுக்குப் பழைய கிளைதான் ஓடும்.