மாதர் சங்கக் கூட்டத்தில் கதிரைகளை எப்படிப் போடுவது?

கேள்வி (நிலாவெளி)
எங்கள் சங்கத்தின் மாதாந்தக் கூட்டம் பொதுநோக்கு மண்டபத்தில் நடைபெறுகிறது. கதிரைகளை வரிசையாகப் போட்ட காலத்தில் முன்வரிசையினர் மட்டுமே கதைத்தார்கள். பின்னால் இருந்தவர்கள் வரவில் ஒப்பமிட்டதோடு சரி. இப்போது வட்டமாகப் போடுவதால் வீதி, கிணறு போன்ற பொது விடயங்களில் எல்லோரும் வாய் திறக்கிறார்கள். ஆனால் கடன் நிலுவை பற்றிக் கேட்டால், முன்பு காதோடு காதாக வந்து சொன்னவர்கள்கூடத் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில் (உவர்மலை)
வட்டத்தைக் கைவிட வேண்டாம். ஆனால் வட்டத்திலும் எல்லா இடமும் சமமல்ல. வட்டமாக இருந்து கலந்துரையாடும் குழுக்களில், ஒருவர் பேசி முடித்ததும் அவருக்குப் பக்கத்தில் இருப்பவரைவிட எதிரே இருப்பவரே அடுத்துப் பேச முற்படுகிறார் என்பதை ஸ்டைன்சோர் என்ற உளவியலாளர் 1950இல் எடுத்துக்காட்டினார். எதிரே இருப்பவரின் முகமும் கையசைவும் முழுமையாகத் தெரிவதே அதற்குக் காரணம். ஆகவே ஓயாது பேசுபவரைத் தலைவி தமக்குப் பக்கத்திலும், தயங்குபவரை எதிரிலும் இருத்தலாம். ஆனால் தலைவி கூட்டத்தை இறுக்கிப் பிடித்து நடத்தினால் இது பலிக்காது. அப்போது அவரவர் பக்கத்திலிருப்பவரோடுதான் கதைப்பார்கள்.

பதில் (மூதூர்)
நிலுவை என்பது வட்டத்தில் கேட்கவேண்டிய கேள்வியே அல்ல என்பது என் அபிப்பிராயம். எல்லோர் முகமும் எல்லோருக்கும் தெரிவதுதான் வட்டத்தின் பலம். கடன்பட்டவருக்கு அதுவே தண்டனை. பொருளாளரின் மேசையை மண்டபத்தின் கோடியில் வைத்து, உறுப்பினர் கூட்டத்துக்கு முதுகு காட்டி இருக்கும்படியாக, மேசையின் மூலையை ஒட்டி ஒரு கதிரை போடுங்கள். நெருங்கியவர்களிடையேயான உரையாடலுக்கு ஏறத்தாழ 45 சென்ரிமீற்றர் முதல் 1.2 மீற்றர் வரையான இடைவெளியை எட்வேட் ஹோல் என்ற மானிடவியலாளர் குறிப்பிடுகிறார். அந்த அளவில் குரலைத் தாழ்த்தியே பேசலாம். ஒப்பமிடும் வரிசை அந்த மேசைக்கு வரவே கூடாது. வந்தால், விரித்து வைத்த சேமிப்புப் புத்தகத்தில் உள்ள தொகையைப் பின்னால் நிற்பவர் வாசித்துவிடுவார். வீதிப்பக்க யன்னலையும் தவிருங்கள். கச்சான் என்ற வெப்பக் காற்று வீசும் காலத்தில் அதைப் பூட்டி வைக்க ஒருவரும் சம்மதிக்கமாட்டார்கள்.

பதில் (தம்பலகாமம்)
உத்தியோகத்தர் கதிரையிலும் உறுப்பினர்கள் பாயிலும் இருந்தால் எந்த வட்டமும் பயன் தராது. எல்லோருக்கும் ஒரே உயரம் இருக்கட்டும்.

கேள்வி கேட்டவர்
முழங்கால் நோவுள்ள அம்மாமார் பலர் இருப்பதால் பாய் சரிவராது. எல்லோருக்கும் கதிரையே போடுகிறோம். பொருளாளரின் மேசையை அடுத்த கூட்டத்திலேயே மேடைப் பக்கத்துக்கு மாற்றுவோம். ஒப்பமிடும் புத்தகம் வாசலில் இருக்கும்.